எஞ்சினின் உட்பகை

வெளியே நின்று படையெடுக்கும் பகைவரினும், வீட்டினுள்ளே இருந்துகொண்டு நாள்தோறும் சிறிது சிறிதாக அழிவு செய்யும் பகைவரே கொடியர் என்பது ஆன்றோர் துணிபு. திருவள்ளுவரும் உட்பகையைப் பற்றிக் கூறுவதற்கெனத் தனி அதிகாரம் ஒன்றையே வகுத்தார். மனிதருக்கு மட்டுமன்றி, மனிதர் கைகளாற் செய்த கருவிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். மாதிரி விமானங்களைப் பறக்கவிடும் பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் இதனை நன்கு அறிவர். வானிலிருந்து விழுந்து நிலத்தில் மோதிய எஞ்சினின் காயங்கள் கண்ணுக்குத் தெரியும். உடைந்த உறுப்பை மாற்றினால் அது மீண்டும் ஓடும். ஆனால், நன்றாகப் பறந்து, நன்றாக இறங்கி, நன்றாகத் துடைக்கப்பட்டுச் சுவரிலே தொங்கவிடப்பட்ட எஞ்சின், அடுத்த ஆண்டு எடுத்துப் பார்க்கும்போது அசைய மறுப்பதுண்டு. வெளியே வெள்ளி போல் மின்னும் அதன் உள்ளே, யாழ்ப்பாணத்தார் கறள் என்றும் ஏனையோர் துரு என்றும் வழங்கும் பகை குடிபுகுந்துவிட்டது. அப்பகை எவ்வாறு நுழைகின்றது, அதனைத் தடுப்பது எவ்வாறு, நுழைந்துவிட்டதை அகற்றுவது எவ்வாறு என்பன ஆராயத் தக்கவை.

மாதிரி விமானங்களுக்கு உரிய சிற்றெஞ்சின்கள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது 1930களிலேயாம். அமெரிக்காவில் பில் பிரவுன் என்பவர் உருவாக்கிய பிரவுன் ஜூனியர் என்னும் எஞ்சின் அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றது. அது பெற்றோலில் ஓடியது. மின்பொறியினால் எரிபொருளைப் பற்றவைத்தது. அதற்கென மின்கலங்களையும் மின்சுருளையும் விமானம் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. 1947ஆம் ஆண்டளவில் ரே ஆர்டன் என்னும் அமெரிக்கர் குளோ பிளக் எனப்படும் ஒளிர்முளையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிளாற்றினம் கலந்த ஒரு சிறு கம்பிச்சுருளே அதன் உயிர்நிலை. தொடக்கத்தில் ஒன்றரை வோல்ற்று மின்கலத்தினால் அக்கம்பியைச் சூடேற்றினால் போதும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மின்கலத்தை அகற்றிவிடலாம். எரிதலின் வெப்பமும், மெதனோல் என்னும் மதுசாரத்தின் மீது பிளாற்றினம் செய்யும் ஊக்கற் செயலும் சேர்ந்து கம்பியைச் செந்நிறத்தில் வைத்திருக்கும். சுமை குறைந்தது, விமானம் இலகுவாயிற்று. அன்றுதொட்டு மெதனோலே மாதிரி எஞ்சின்களின் முதன்மை உணவாயிற்று. அந்த வசதியோடு கூடவே கறளும் வாசலுக்குள் நுழைந்தது என்பதே இக்கதையின் மறுபக்கம்.

ஒளிர்முளை எஞ்சினுக்கு ஊற்றப்படும் எரிபொருள் மூன்று பொருள்களின் கலவையாகும். பெரும்பகுதி மெதனோல். ஐந்தில் ஒரு பங்களவு எண்ணெய். அது ஆமணக்கெண்ணெயாகவோ செயற்கை எண்ணெயாகவோ இரண்டும் கலந்ததாகவோ இருக்கும். சாதாரண எஞ்சின் எண்ணெய் மெதனோலிற் கரையாது, ஆமணக்கெண்ணெய் கரையும். பழைய வைத்தியத்தில் மருந்தாக விளங்கிய அவ்வெண்ணெய் இந்தப் புதிய பொறிக்குள் இடம்பெற்றதற்கு அதுவே முதற் காரணம். மூன்றாவது பொருள் நைத்ரோமெதேன். இது ஆற்றலைப் பெருக்குவதற்கும், எஞ்சின் தாழ்ந்த வேகத்தில் தடுமாறாது ஓடுவதற்கும் சேர்க்கப்படுவது. சில எரிபொருள்களில் இது அறவே இல்லை. பலவற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு வரை உண்டு. பந்தய எரிபொருள்களில் அதற்கும் மேற்படும்.

இவற்றுள் மெதனோலின் இயல்பை முதலில் நோக்க வேண்டும். மெதனோல் நீரை விரும்பும் பொருள். எவ்வளவு நீரோடும் அது முற்றாகக் கலந்துவிடும். மூடி திறந்த கலனில் வைத்தால், காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக் கொள்ளும். பெற்றோலில் நீர் சேர்ந்தால் அது அடியிலே தனியாகத் தங்கி நிற்கும். கண்ணாற் கண்டு அகற்றலாம். மெதனோலிற் சேர்ந்த நீரோ கண்ணுக்குப் புலப்படாது எரிபொருளோடு ஒன்றாகி எஞ்சினுக்குள் செல்லும்.

இதனினும் பெரியது எரிதலால் உண்டாகும் நீர். மெதனோல் எரியும்போது காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகின்றன. இரசாயனக் கணக்கின்படி 32 கிராம் மெதனோல் முற்றாக எரிந்தால் 36 கிராம் நீர் பிறக்கும். அதாவது, எரித்த பொருளின் எடையினும் பிறந்த நீரின் எடை அதிகம். காற்றிலிருந்து வந்து சேரும் ஒட்சிசனே அந்த மேலதிக எடைக்குக் காரணம். பெற்றோல் எரிந்தாலும் நீர் உண்டாகும் என்பது உண்மையே. ஆனால் ஒரே அளவு காற்றைக் கொண்டு எரிக்கும்போது பெற்றோலினும் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட மெதனோல் எரிவதால், உண்டாகும் நீரும் ஏறத்தாழ இரு மடங்காகின்றது. அந்த நீராவியின் பெரும்பகுதி புகைவாயில் வழியே வெளியேறிவிடும். பிஸ்டனைக் கடந்து கீழே கசிந்து எஞ்சினின் அடியறைக்குள் சென்று சேரும் சிறு பகுதியே தீமை செய்வது. அந்த அடியறையோ வெப்பமானதன்று. மெதனோல் ஆவியாகும்போது பெற்றோல் உறிஞ்சுவதைப் போல் மூன்று மடங்களவு வெப்பத்தை உறிஞ்சும். அதனால், தலைப்பகுதி கையைச் சுடும் வேளையிலும் அடியறை தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருக்கும். குளிர்ந்த உலோகத்தில் நீராவி பட்டால் என்ன நிகழும் என்பதைக் குளிர்பானக் குவளையின் வெளிப்புறத்தைக் கண்டோர் எவரும் அறிவர்.

நீரோடு அமிலமும் சேர்கின்றது. மெதனோல் அரைகுறையாக எரியும்போது போமல்டிகைட்டும், அதன் வழியாகப் போமிக் அமிலமும் உண்டாகின்றன. எறும்பு கடித்தால் எரிச்சல் தருவது இந்தப் போமிக் அமிலமே. நைத்ரோமெதேன் எரிகையில் நைதரசனின் ஒட்சைட்டுகள் தோன்றும். அவை நீரிற் கரைந்தால் நைத்திரிக் அமிலமாகும். இக்காரணம் பற்றி, கறளுக்குக் குற்றவாளி நைத்ரோமெதேன் ஒன்றே என்று பலர் கருதுவதுண்டு. ஆயினும், நைத்ரோமெதேன் சிறிதும் கலவாத எரிபொருளில் ஓடிய எஞ்சின்களும் கறள் பிடிக்கின்றன. ஆதலால் அமிலம் வேகத்தைக் கூட்டும் துணைவன் என்றும், நீரே தலைவன் என்றும் கொள்வது பொருந்தும். நைத்ரோமெதேன் இல்லாத எரிபொருளை வாங்கிவிட்டோம் என்று எஞ்சினைக் கவனியாது விடுவோர் ஏமாறுவது இதனாலேயே.

இனி, கறள் எங்கே பிடிக்கின்றது என்பதைக் காண வேண்டும். எஞ்சினின் உடல் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் கறள் பிடியாது. ஆனால் உப்புக் காற்றிலும் அமில ஈரத்திலும் வெள்ளைப் பொடியாக அரிக்கப்படும். பழைய எஞ்சின்களிற் பல இரும்புப் பிஸ்டனும் உருக்குச் சிலிண்டரும் கொண்டவை. பிற்காலத்தில் அலுமினியப் பிஸ்டனும், குரோமியம் பூசிய பித்தளைச் சிலிண்டரும் வழக்கில் வந்தன. பித்தளையும் குரோமியமும் கறளுக்கு எளிதில் இடங்கொடா. எனவே அத்தகைய எஞ்சின்களில் அச்சம் இல்லை என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் தவறு. எஞ்சினின் நடுத்தண்டைத் தாங்கி நிற்பவை இரண்டு பெயாரிங்குகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவற்றின் வளையங்களும் குண்டுகளும் மிகக் கடினமான உருக்கினால் ஆனவை. அவ்வுருக்கிற் குரோமியம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு மட்டுமே. கறளை எதிர்க்கும் துருவேறா உருக்குக்குப் பத்துப் பங்குக்கு மேல் வேண்டும். ஆகவே பெயாரிங்கே கறளின் முதல் இரை. அதிலும் பின் பெயாரிங் அடியறைக்குள் நேரே முகங்காட்டி நிற்பதால் பெரும்பாலும் அதுவே முதலிற் கெடும்.

பெயாரிங்கில் விழும் ஒரு சிறு கறட்புள்ளி ஏன் அவ்வளவு பெரிய கேடு? இவ்வெஞ்சின்கள் நிமிடத்துக்கு 12,000 சுற்றுச் சுழல்வது சாதாரணம். அதாவது விநாடிக்கு 200 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் அந்தப் புள்ளியின்மேல் ஏறி இறங்குகின்றன. கறள், தான் தின்ற இரும்பினும் பருமனில் மிக்கது. ஆகையால் புள்ளி மேடாக எழும். பின்பு மேடு பெயர்ந்து பள்ளமாகும். பெயர்ந்த துகள் அரத்தூள் போல எஞ்சின் முழுவதும் சுற்றும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே அது புகுந்தால் கீறல் விழும், அழுத்தம் குறையும், ஆற்றல் போகும். குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூடு உடைந்தால், அதன் துண்டுகள் பிஸ்டனையே சிதைத்துவிடும். ஒரு சிறிய பெயாரிங்கின் விலைக்காக முழு எஞ்சினையும் இழக்க நேரிடுவது இவ்வாறே. இவ்விபத்து வானத்தில் நிகழுமாயின், பல மாதங்கள் உழைத்துச் செய்த விமானமும் உடன் அழியும். நிலத்தில் நிற்போருக்கும் அபாயம் நேரலாம்.

கறளைத் தடுக்கும் கலை, பறத்தல் முடிந்த அந்த மாலையிலேயே தொடங்குகின்றது. எஞ்சின் நின்றபின் உள்ளே எஞ்சியிருக்கும் எரிபொருளிலுள்ள மெதனோல் ஆவியாகிப் போகும். அது உறிஞ்சிய நீரும் அமிலமும் எண்ணெயோடு சேர்ந்து உள்ளே தங்கிவிடும். எனவே எஞ்சினை ஈரத்தோடு நிறுத்தலாகாது என்பது முதல் விதி. கடைசிப் பறத்தலின் பின், எஞ்சினைத் தாழ்ந்த வேகத்தில் ஓடவிட்டு, எரிபொருள் வரும் குழாயை விரல்களால் நெரித்துப் பிடித்து, அது தானாக உலர்ந்து நிற்கும்படி செய்ய வேண்டும். உயர்ந்த வேகத்தில் இவ்வாறு செய்தால் எண்ணெய் போதாமல் எஞ்சின் வெம்பிவிடும். நின்றபின் தொட்டியில் எஞ்சிய எரிபொருளை வெளியேற்றி, ஒளிர்முளைக்கு மீண்டும் மின்கலத்தை இணைத்து, எரிபொருள் இன்றியே எஞ்சினை இரண்டு மூன்று முறை முடுக்கிப் பார்த்தல் நன்று. உள்ளே மறைந்து கிடக்கும் துளிகள் எரிந்து தீரும். இனி ஓடவே ஓடாது என்ற நிலை வந்தபின்பே அது உலர்ந்தது என்று கொள்ளலாம்.

இரண்டாவது விதி, வெற்றிடத்தை எண்ணெயால் நிரப்புதல். எஞ்சின் இளஞ்சூட்டோடு இருக்கும்போதே காற்று நுழையும் வாயினுள்ளும், ஒளிர்முளையைக் கழற்றிவிட்டு அந்தத் துளையினுள்ளும் சில துளிகள் பாதுகாப்பு எண்ணெயை விட வேண்டும். பின்னர் மின்கலம் இணையாமல் விசிறியைப் பலமுறை சுழற்றினால் எண்ணெய் எல்லாப் புறமும் பரவும். பின் பெயாரிங்கை எட்டவேண்டுமாதலால், காற்றுவாயிலின் வழியே விடும் துளிகளே முக்கியமானவை. மூக்கு மேலே நோக்க எஞ்சினைச் சிறிது நேரம் பிடித்தும், பிறகு கீழே நோக்கப் பிடித்தும் சுழற்றினால் இரண்டு பெயாரிங்குகளுக்கும் பங்கு கிடைக்கும்.

எந்த எண்ணெய் சிறந்தது என்பதில் மாதிரி விமான அன்பர்களிடையே முடிவில்லாத வழக்கு உண்டு. ஆயினும் வேண்டிய குணங்களைப் பற்றி ஐயமில்லை. எண்ணெய் மெல்லியதாக இருத்தல் வேண்டும். நீரைத் தள்ளிக்கொண்டு உலோகத்தை ஒட்டுதல் வேண்டும். காலஞ் செல்லப் பசையாக இறுகாதிருத்தல் வேண்டும். கறளைத் தடுக்கும் மருந்து அதிற் சேர்ந்திருத்தல் வேண்டும். காற்றழுத்தத்தால் இயங்கும் பட்டறைக் கருவிகளுக்கு விடும் எண்ணெய் இக்குணங்கள் யாவும் உடையது. அக்கருவிகளும் ஈரக் காற்றையே உண்டு வாழ்வன அன்றோ. மோட்டார் வாகனங்களின் தானியங்கிப் பற்சக்கரப் பெட்டிக்கு விடும் எண்ணெயையும் பலர் பயன்படுத்தி நற்பயன் கண்டுள்ளனர். தெளிப்பானில் விற்கப்படும், நீரை விலக்கும் மெல்லிய திரவங்கள் கழுவுவதற்கு உதவும். ஆனால் அவற்றின் பெரும்பகுதி ஆவியாகிப் போவதால், நெடுநாட் காவலுக்கு அவை மட்டும் போதா. கனிய எண்ணெய் சிலிக்கோன் இறப்பரை வீங்கச் செய்யும். ஆகவே சிலிக்கோன் எரிபொருட் குழாயில் அது படாதவாறு முதலிற் குழாயைக் கழற்றிவிட வேண்டும்.

ஆமணக்கெண்ணெய் எரிபொருளிலேயே உள்ளதே, அது காவாதோ என்று சிலர் வினவலாம். ஆமணக்கெண்ணெய் உலோகத்தின்மேல் உறுதியான மெல்லிய படலமாகப் படியும். அப்படலம் ஓரளவு காவல் செய்வது உண்மையே. செயற்கை எண்ணெய்களுட் பல எஞ்சினைத் துப்புரவாக வைத்திருந்தாலும், தாமே நீரை உறிஞ்சும் இயல்புடையவை. எனவே அவற்றை மட்டும் நம்பிய எஞ்சின் விரைவிற் கறள் பிடிக்கும். ஆனால் ஆமணக்கெண்ணெய்க்கும் ஒரு குறை உண்டு. வெப்பத்தாலும் காலத்தாலும் அது மஞ்சள் நிற அரக்குப் போல இறுகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இதனாலேயே இரண்டையும் கலந்த எரிபொருளைப் பலர் விரும்புகின்றனர். எதுவாயினும், எரிபொருளில் உள்ள எண்ணெய் ஓடும்போது காக்கும் எண்ணெய். ஓயும்போது காப்பதற்கு வேறு எண்ணெய் வேண்டும்.

மூன்றாவது விதி, வைக்கும் இடம். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு அறுபதைத் தாண்டும்போது இரும்பு கறள் பிடிக்கும் வேகம் மிகுதியாகக் கூடுகின்றது. இலங்கை போன்று கடல் சூழ்ந்த வெப்ப நாடுகளில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதன் அந்த எல்லைக்கு மேலேயே நிற்கும். கடற்கரையை அடுத்த ஊர்களில் உப்பும் உடன் சேரும். நெடுநாள் ஓய்வில் வைக்கும் எஞ்சினை எண்ணெய் தோய்ந்த துணியினாற் சுற்றி, காற்றுவாயையும் புகைவாயையும் அடைத்து வைத்தல் நன்று. பிளாஸ்டிக் உறையில் இடுவதாயின், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதி ஒன்றை உடன் வைக்க வேண்டும்; இல்லையேல் உள்ளே அகப்பட்ட ஈரத்தைச் சிறைவைத்ததாக முடியும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துச் சில துளி எண்ணெய் விட்டுச் சுழற்றி வைப்பது, தோட்டத்துக்கு நீர் ஊற்றுவது போன்ற எளிய கடமை. எரிபொருட் கலனையும் இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். அரைவாசி வெறுமையான கலனில் ஈரக் காற்று நிறைந்திருக்கும். ஆதலால் பெரிய கலனில் மிகுந்ததைச் சிறிய கலனுக்கு மாற்றி நிரப்பி வைத்தல் அறிவுடைமை.

நான்கடி எஞ்சின்களுக்குக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஜப்பானின் ஒசாக்கா நகரில் சிகேயோ ஒகாவா என்பவர் 1936இல் தொடங்கிய ஓ. எஸ். நிறுவனம், 1976இல் மாதிரி விமானத்துக்குரிய நான்கடி எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இனிய ஓசைக்காகப் பலராலும் விரும்பப்படுபவை இவ்வகை எஞ்சின்கள். ஈரடி எஞ்சினில் புதிய எரிபொருளும் எண்ணெயும் அடியறை வழியாகவே செல்வதால், அது ஓரளவு கழுவப்படுகின்றது. நான்கடி எஞ்சினின் அடியறைக்கு அப்பேறு இல்லை. பிஸ்டனைக் கடந்து கசியும் புகையும் நீரும் அமிலமும் அங்கேயே தங்கும். எனவே அடியறையின் மூச்சுக்குழாய் வழியாகவே பாதுகாப்பு எண்ணெயைச் செலுத்த வேண்டும். இதற்கு மாறாக, ஈதரும் மண்ணெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் கலந்து ஓடும் டீசல் வகைச் சிற்றெஞ்சின்கள், இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானியாவில் பெரிதும் பரவியவை, மெதனோல் இல்லாமையால் கறளுக்குக் குறைவாகவே ஆளாகின்றன.

இனி, நோய் வந்தபின் செய்யும் மருத்துவம். நெடுங்காலம் கிடந்து அசையாதுபோன எஞ்சின் கைக்கு வந்தால், விசிறியைப் பிடித்து வலிந்து திருப்புவது பெருந்தவறு. இணைப்புத் தண்டு வளைந்துவிடும். இறுகியது கறளாலா, காய்ந்த ஆமணக்கெண்ணெயாலா என்பதை முதலில் அறிதல் வேண்டும். பெரும்பாலும் பின்னையதே காரணமாக இருக்கும். தலைமயிர் உலர்த்தும் கருவியினால் மெல்லச் சூடேற்றினால், அரக்குப் போன்ற எண்ணெய் இளகி, எஞ்சின் தானாக அசையும். சூடு ஆறியபின் சில துளி மெதனோல் விட்டு ஊறவைப்பதும் உதவும். சூடான எஞ்சினுக்கு அருகே மெதனோலைக் கொண்டுவருதல் ஆகாது. அசைந்தபின் மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். மணல் கலந்தது போன்ற நெறுநெறுப்பு விரலுக்குத் தட்டுப்பட்டால் பெயாரிங் கெட்டது என்பது உறுதி. அத்தகைய எஞ்சினை, ஓடும்போது சரியாகிவிடும் என்று எண்ணி ஓட்டக் கூடாது. ஓடும் ஒவ்வொரு விநாடியும் கறட்டூள் பிஸ்டனைத் தேய்க்கும்.

பெயாரிங் மாற்றுதல் பொறுமையுள்ளவர் எவரும் செய்யக்கூடிய வேலையே. பின்மூடியையும் தலையையும் கழற்றி, சிலிண்டரையும் பிஸ்டனையும் இணைப்புத் தண்டையும் ஒழுங்காக எடுத்து, எது எந்தப் பக்கம் நோக்கி இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு விசிறியைத் தாங்கும் தட்டை அகற்றி, நடுத்தண்டைப் பின்புறமாக வெளியே தள்ள வேண்டும். தண்டின் முனையில் சுத்தியலால் நேரே அடிக்காது, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுதல் வேண்டும். வெறும் உடலை நன்றாகக் கழுவி உலர்த்தி, 150 பாகை செல்சியசளவில் சிறிது நேரம் சூடாக்கினால் மற்றதை இயற்கையே செய்துவிடும். சூட்டினால் அலுமினியம் உருக்கைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 22 மில்லிமீற்றர் அகலமுள்ள பெயாரிங்குக்கு இவ்வேறுபாடு ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் மூன்று பங்களவே. ஆயினும் அச்சிறு இடைவெளியே போதும். சூடான உடலை மரப்பலகையில் தட்டினால் பெயாரிங் கழன்று விழும். அதன் வளையத்திற் பொறித்திருக்கும் இலக்கத்தைக் காட்டி அதே அளவினதை வாங்கலாம். துருவேறா உருக்கினால் செய்தனவும் கிடைக்கின்றன. புதியதைக் குளிர்பெட்டியில் வைத்துக் குளிரச் செய்து, சூடான உடலில் நேராக வைத்தால் அடியின்றியே இறங்கி அமரும்.

உறுப்புகளைத் துப்புரவாக்கும்போது வீட்டு வழக்கங்களைப் பின்பற்றுதல் ஆபத்து. செம்பும் பித்தளையும் துலக்கப் பழப்புளியும் தேசிக்காயும் பயன்படுவன. எஞ்சினுக்கு அவை ஆகா. நுண்ணிய துளைகளிலே தங்கும் புளிப்பு, கறளை மீண்டும் அழைத்துவரும். எரிசோடாக் கரைசல் அலுமினியத்தையே கரைத்துவிடும்; ஒரு மணி நேரத்தில் எஞ்சினின் உடல் உருக்குலைந்து போகலாம். உப்புத்தாளால் சிலிண்டரின் உட்புறத்தைத் தேய்த்தாலோ, பிஸ்டனுக்கும் அதற்கும் இடையே உள்ள நுண்ணிய பொருத்தம் என்றைக்குமாக அழியும். சிலிண்டரிலும் பிஸ்டனிலும் மேலாகப் படிந்த செந்நிறக் கறளை, மெல்லிய எண்ணெயில் ஊறவைத்துத் துணியால் பலமுறை துடைப்பதே தக்கது. இறுகிய ஆமணக்கெண்ணெயை அகற்ற, மோட்டார் வாகனங்களில் நீர் உறைவதைத் தடுக்கும் எதிலீன் கிளைக்கோல் திரவத்தில் மெல்லிய சூட்டில் உறுப்புகளை ஊறவைக்கும் முறை பெரும் பயன் தருவது. ஆனால் அத்திரவம் நஞ்சு. அதன் இனிப்புச் சுவையாற் குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் ஏமாந்து அருந்த இடமுண்டு. அதற்குப் பயன்படுத்திய பாத்திரம் மீண்டும் அடுக்களைக்குத் திரும்பலாகாது. காற்றோட்டமான வெளியிடத்திலேயே அவ்வேலையைச் செய்ய வேண்டும்.

மெதனோலும் நஞ்சே என்பதை எத்துணை முறை கூறினும் மிகையாகாது. அது தோலினூடாகவும் உடலிற் சேரும், சிறிதளவு அருந்தினாலும் பார்வையைப் பறிக்கும், உயிரையும் கொள்ளும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. மெதனோலால் கழுவிய உறுப்பை முற்றாக உலர்த்தாமல் சூடாக்க முற்பட்டால் தீப்பற்றும். பாதுகாப்பு எண்ணெய் விட்டு வைத்த எஞ்சினை மறுபடி ஓட்டுமுன், ஒளிர்முளையைக் கழற்றி விசிறியைச் சுழற்றி, உள்ளே தேங்கிய எண்ணெயை வெளியேற்றல் வேண்டும். இன்றேல் பிஸ்டனுக்கு மேலே எண்ணெய் நிறைந்து நின்று, முடுக்கும் வேளையில் இணைப்புத் தண்டை வளைத்துவிடும். காக்க விட்ட எண்ணெயே கவனக் குறைவினாற் கேடாய் முடிதல் கூடாது.

பழைய எஞ்சின் ஒன்றை விலைக்கு வாங்குவோர் வெளி மினுமினுப்பை நோக்கி மயங்கலாகாது. பின்மூடியின் திருகாணிகள் நான்கையும் கழற்றி உள்ளே பார்க்க அனுமதி கேட்பது தவறன்று. தேன்நிற எண்ணெய் படிந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது கழுவினாற் போகும். பின் பெயாரிங்கில் செம்பழுப்பு நிறம் தெரிந்தால், பெயாரிங்கின் விலையையும் உழைப்பையும் கணக்கிலெடுத்தே பேரம் பேச வேண்டும். நடுத்தண்டின் மேற்பரப்பிலும் இணைப்புத் தண்டு பொருந்தும் முளையிலும் கறட்பள்ளம் விழுந்திருந்தால், அந்த உறுப்பு மாற்றப்பட வேண்டியதே.

இவ்வளவு சிரமம் எதற்கு என்ற வினா இன்று முன்னையினும் வலுவாக எழுகின்றது. இந்த நூற்றாண்டில் தூரிகையில்லா மின்மோட்டார்களும் இலித்தியம் மின்கலங்களும் மலிவாக வந்தமையால், மாதிரி விமானங்களுட் பெரும்பாலானவை மின்சாரத்திற்கு மாறிவிட்டன. ஒளிர்முளை எஞ்சின் செய்த நிறுவனங்கள் பல மறைந்தன. அவற்றின் உதிரிப் பாகங்கள் அரிதாகிவிட்டன. அதனாலேயே கவனம் இன்னும் வேண்டியதாகின்றது. கடையில் வேறொன்று வாங்க முடிந்த காலத்தில் கெட்ட எஞ்சின் ஒரு செலவு மட்டுமே. வாங்க முடியாத காலத்தில் அது ஓர் இழப்பு. தந்தை ஓட்டிய எஞ்சினை மகனும், ஆசிரியர் தந்ததை மாணவனும் ஓட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் பல. எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட எஞ்சின், எண்ணெய் மணம் மாறாமல், ஒரே சுண்டலில் உறுமி எழுவதும் உண்டு. ஒரே மழைக்காலத்தில் இரும்புக் கட்டியாகிப் போனவையும் உண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, பறத்தல் முடிந்த மாலையில் செலவிடும் ஐந்து நிமிடங்களும் சில துளி எண்ணெயுமே.